ஆழம் என்றொரு காலம்

திருச்செங்கோடு, சங்ககிரி ரோட்டில்
ரிக் வண்டிகள் நிற்கும் ஷெட்டுக்கு மேல்மாடி.
ராத்திரி பதினொன்றே கால்.
ஒரு கேள்வி நாற்பது நிமிஷமாய்ச் சுற்றிக்கொண்டிருக்கிறது:
ஆயிரம் அடிக்கு மேல் போன போர்கள்,
ஊர்வாரியாக, இறக்கிய கேசிங் பைப்போடு.

கீழே கம்ப்ரஸருக்கு ஆயில் மாற்றுகிறார்கள்.
டேட்டாபேஸ் பாறையைப் பார்த்ததில்லை.
பாறையைப் பற்றி எப்போதோ எடுத்துவைத்த
ஒரு குறிப்புதான் அதற்குத் தெரியும்:
எத்தனை வரி, எத்தனை விதம்,
எது குறைந்தது, எது கூடியது.
அதை வைத்துத்தான் வழி தேர்கிறது.

திட்டத்தைத் திறந்தேன்.
எதிர்பார்த்த வரிகள்: 1.
வந்த வரிகள்: 71,406.

ஒற்றை ஆளுக்கு இலை போட்டவன் வாசலில்
ஊரே வந்து நிற்கிறது.
அவன் ஒவ்வொருத்தருக்கும் தனித்தனியாய்
கடைக்கு ஓடி அரிசி வாங்கி வருகிறான்.

ஏன் ஒன்று?
குறிப்பில் அதிகபட்ச ஆழம் 640 அடி.
அதற்குக் கீழே பூமி கிடையாது.
தேதி, இரண்டாயிரத்து ஒன்பது ஜூலை.
பக்கத்தில் ஒரு பூட்டு.

பூட்டியவர் சென்னியப்பன்.
எனக்கு முன்னால் இந்த நாற்காலி அவருடையது.
இப்போது பெருந்துறையில் ஒரு ஸ்பின்னிங் மில்.
தூங்கியிருக்க மாட்டார் என்று கூப்பிட்டேன்.
"ஏனுங்க சௌடேஸ்வரி, அதை அவுத்துடாதீங்க.
ஒருக்கா அதுவே கணக்கெடுத்துச்சு,
ஆடிப் பதினெட்டுக்கு முந்துன ராத்திரி.
விடியறதுக்குள்ள சம்பளப் பட்டியலே நின்னு போச்சு.
அன்னைக்குப் போட்ட பூட்டுங்க."

பயத்தில் போட்டது. குறை சொல்ல மாட்டேன்.
நானும் சிலிண்டரை இரண்டு தரம் மூடுகிறவள்.

பழைய குறிப்பை முதலில் நகலெடுத்து வைத்தேன்,
வேண்டுமானால் திரும்பப் போட.
பிறகு அவிழ்த்தேன்.
நூற்றில் ஒரு வரி பார்த்தால் போதாதா என்றது மனசு.
ஒரு பானைச் சோற்றுக்கு ஒரு சோறு பதம்தான்,
பானை முழுக்க ஒரே அரிசியாய் இருந்தால்.
முழுசாய் எண்ணச் சொன்னேன்.

ஹிஸ்டோகிராம் வந்தது.
இருநூற்று ஐம்பத்து நான்கு வாளிகள்,
ஒவ்வொன்றிலும் ஏறக்குறைய ஒரே அளவு போர்கள்.
அறுநூறு அடி வரைக்கும் பதினோரு வாளி,
அகல அகலமாய், காலை நீட்டிக்கொண்டு.
ஆயிரத்துக்கும் ஆயிரத்து முந்நூறுக்கும் நடுவில்
நூற்றுக்கு மேல்,
டவுன் பஸ்ஸில் போல ஒன்றோடொன்று இடித்தபடி.

காலம் என்று நாங்கள் சொல்வது நெடுவரிசையைத்தான்.
இருந்தாலும் கொஞ்ச நேரம்
அந்த வார்த்தையையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

'தண்ணி' என்ற காலத்தில் ஆறே விதம்:
அரை இஞ்ச், ஒன்று, ஒன்றரை, இரண்டு,
அதற்கு மேல்,
புகை.
ஆறுக்கும் சமபங்கு என்று நம்பியிருந்தது இயந்திரம்.
புகைக்கு மட்டும் நூற்றில் நாற்பத்து மூன்று.

எழுதாமல் விட்டவை 1,912.
அவற்றுக்கு வாளி கிடையாது, தனியாய் ஓர் எண்.
அதில் வெள்ளகோவில்காரர் ஒருவர் உண்டு.
மூன்றாவது போரும் புழுதி கக்கிய அன்றைக்கு
"இதை மட்டும் எழுதாதீங்க,
பொண்ணுப் பார்க்க வர்றாங்க" என்றாராம் ரிக் மேஸ்திரியிடம்.

மறுபடி ஓட்டினேன்.
நான்கு வினாடி.
சம்பளப் பட்டியலையும் ஓட்டிப் பார்த்தேன்,
முன்னைவிட ஒன்பது வினாடி கூடுதல்.
சென்னியப்பன் சொன்னது முழுப் பொய்யில்லை.
அதற்கு நாளைக்கு ஒரு வழி.

பூட்டைத் திரும்பப் போடவில்லை.
பத்தில் ஒரு பங்கு வரிகள் மாறினால்
மறுபடி எண்ணு என்று எழுதிவைத்தேன்.
ஃபிளாஸ்க்கில் டீ ஆறிப் போயிருந்தது. குடித்தேன்.

ஒன்றே முக்காலுக்கு ஆபீஸ் குரூப்பில் ஒரு செய்தி.
மூலனூர்ப் பக்கத்துத் தோட்டத்திலிருந்து ஏழாம் நம்பர் வண்டி:
"1,460 அடி. புகைதானுங்க. இன்னும் இறக்கவா?"

என் புதுக் குறிப்பில் அதிகபட்சம்
1,440.